ஆறு ஆசைப்படுவதில்லை

1

மிசிசிப்பி ஆற்றின் வரைபடம் ஒன்று இணையத்தில் அடிக்கடி கண்ணில் படும். ரிப்பன்களை அவிழ்த்துக் கொட்டியதுபோலப் பச்சை, ஆரஞ்சு, நீலம், இளஞ்சிவப்பு என்று பல நிறங்கள் பின்னிக் கிடக்கும். ஒவ்வொரு நிறமும் ஏதோ ஒரு காலத்தில் ஆறு ஓடிய தடம். ஹெரால்ட் ஃபிஸ்க் என்ற நிலவியலாளர் 1944இல் வெளியிட்ட வரைபடத் தொகுப்பு அது. இன்று அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். பகிர்கிறவர்கள் பலர் கூடவே ஒரு வரியும் எழுதுகிறார்கள்: தண்ணீருக்கு நினைவு உண்டு, ஆறு தன் பழைய வழியை மறப்பதில்லை, இப்படி ஏதாவது.

இந்தக் கருத்து பெரும்பாலும் டோனி மாரிசனிடமிருந்து வருகிறது. 1987இல் அச்சான ஒரு கட்டுரையில், நேராக்கப்பட்ட மிசிசிப்பி தன் பழைய தடத்துக்குத் திரும்புவதை அவர் எழுத்தாளரின் நினைவோடு ஒப்பிடுகிறார். அவர் பேசியது அடிமை முறையின் வரலாற்றைப் பற்றி, அழிக்கப்பட்ட வாழ்க்கைகளைக் கற்பனையால் எப்படி எட்டுவது என்பதைப் பற்றி. ஆறு அங்கே உவமை. நாம் உவமேயத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு உவமையை மட்டும் எடுத்துக்கொண்டோம். இப்போது அது வெள்ளம் பற்றிய தத்துவமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஃபிஸ்க் அந்த வரைபடங்களை யாருக்காக வரைந்தார் என்பதும் முக்கியம். அமெரிக்க இராணுவப் பொறியாளர் படையின்கீழ் இயங்கும் மிசிசிப்பி ஆற்று ஆணையத்துக்காக. ஆறு எங்கெல்லாம் புரண்டிருக்கிறது என்று தெரிந்தால்தான் இனிப் புரளாமல் கட்டிப்போட முடியும். 1950களின் தொடக்கத்தில் இதே ஃபிஸ்க் கொடுத்த எச்சரிக்கையின் பேரில்தான் மிசிசிப்பியின் மிகப் பெரிய கட்டுப்பாட்டு மதகுகள் கட்டப்பட்டன. ஆற்றின் சுதந்திரத்துக்கு அடையாளமாக நாம் சுவரில் மாட்டியிருப்பது, ஆற்றைக் கட்டுவதற்காகத் தயாரான கோப்பின் ஒரு பக்கம்.

லூயிசியானாவின் கடலோரம் பற்றிய எழுத்துகளைக் கொஞ்ச காலமாகத் தொடர்ந்து வாசித்துவருகிறேன். வெள்ளத் தடுப்பும் சதுப்பு நில மீட்பும் உலகத்திலேயே அதிகம் ஆராயப்பட்ட இடங்களில் அதுவும் ஒன்று. நல்ல எழுத்தாளர்கள் போய் எழுதிய இடமும்கூட. அந்த எழுத்துகளில் பெரும்பாலானவற்றில் ‘ஆறு’ ஒரு கதாபாத்திரமாகிவிடுகிறது. அதற்கு ஆசை இருக்கிறது, கோபம் இருக்கிறது, பொறுமை இருக்கிறது. வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆறு பாத்திரமாக மேடை ஏறும்போது மேடையிலிருந்து இறங்கிப்போகிறவர்கள் யார்? என் கேள்வி அதுதான்.

2

ஜான் மெக்ஃபீயின் ‘அட்சாஃபலாயா’ அதே 1987இல், பிப்ரவரி மாத ‘நியூயார்க்கர்’ இதழில் வந்தது. பிறகு ‘தி கன்ட்ரோல் ஆஃப் நேச்சர்’ (1989) புத்தகத்தின் முதல் பகுதியானது. மற்ற இரண்டு பகுதிகளில் ஒன்று ஐஸ்லாந்தில் எரிமலைக் குழம்பின்மேல் கடல்நீரைப் பீய்ச்சித் துறைமுகத்தைக் காப்பாற்றிய கதை. இன்னொன்று மலையிலிருந்து பாறையும் சேறும் இறங்கும் லாஸ் ஏஞ்சலஸ். மூன்றிலும் முதல் பகுதிதான் இன்றுவரை அதிகம் பேசப்படுவது. தகவலைக் கதையின் விறுவிறுப்போடு சொல்லும் கலையில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று தோன்றும்.

விஷயம் இதுதான். பெரிய ஆறு வண்டலைக் கொட்டிக் கொட்டித் தன் பாதையையே மேடாக்கிக்கொள்கிறது. முகத்துவாரம் கடலுக்குள் நீள நீளச் சரிவு குறைகிறது. பக்கத்தில் குறுக்குவழி கிடைத்தால் ஒரு பெருவெள்ளத்தில் அதில் பாய்ந்துவிடும். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை மிசிசிப்பி இப்படி இடம் மாறியிருக்கிறது. கடந்த 7,000 ஆண்டுகளில் தெற்கு லூயிசியானா முழுக்க இப்படித்தான் உருவானது. இருபதாம் நூற்றாண்டில் அதற்குக் கிடைத்த குறுக்குவழி அட்சாஃபலாயா. அந்த வழியாகக் கடல், இப்போதைய பாதையின் பாதி தூரத்துக்கும் குறைவு. விட்டிருந்தால் நியூ ஆர்லியன்ஸும், பேட்டன் ரூஜ் வரை வரிசையாக நிற்கும் வேதியியல் ஆலைகளும் நன்னீர் இல்லாத ஓடைக்கரையில் நின்றிருக்கும். அதனால் 1954இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு முடிவெடுத்தது: அட்சாஃபலாயாவுக்கு 30 சதவீதம், மிசிசிப்பிக்கு 70 சதவீதம். இந்தக் கணக்கைக் காப்பாற்றும் மதகுகள் 1963இல் தயாராயின. 1973 வெள்ளத்தில் மதகின் பக்கச்சுவர் ஒன்று இடிந்து விழுந்தது. அடித்தளத்துக்குக் கீழே பெரிய குழி விழுந்திருந்தது. மயிரிழையில் தப்பியது. 1986இல் துணை மதகு ஒன்றும் கட்டினார்கள்.

மெக்ஃபீ இதைச் சொல்ல மனிதர்களைப் பிடிக்கிறார். தளபதியோடு ஆய்வுப் படகில் போகிறார். மதகில் வேலை பார்க்கும் கேஜன் மனிதரோடு பேசுகிறார். என்றைக்காவது ஆறுதான் ஜெயிக்கும் என்று சொல்லும் பேராசிரியர் ரஃபேல் கஸ்மனைச் சந்திக்கிறார். யாரையும் கேலி செய்வதில்லை, யாருக்கும் வக்காலத்து வாங்குவதுமில்லை. இந்த நிதானம் எனக்குப் பிடிக்கும். சூழலியல் எழுத்து என்றாலே ஒப்பாரி என்று ஆகிவிட்ட இடத்தில் நின்று வாசிக்கும்போது இது பெரிய ஆறுதல்.

ஆனால் கட்டுரையின் வடிவம் ஒரு சண்டைக்காட்சியின் வடிவம். இந்தப் பக்கம் படை, அந்தப் பக்கம் ஆறு. யார் ஜெயிப்பார்கள் என்ற ஆர்வத்தில் பக்கங்கள் ஓடுகின்றன. அந்த ஓட்டத்தில் மெக்ஃபீயே சொல்லும் ஒரு தகவலின் கனம் நழுவிவிடுகிறது. 1831இல் ஹென்றி ஷ்ரீவ் என்ற நீராவிப் படகுத் தலைவர் படகுகளின் வசதிக்காக மிசிசிப்பியின் ஒரு வளைவை வெட்டி நேராக்கினார். அதன் பிறகு அட்சாஃபலாயாவின் தலைப்பில் பல மைல் நீளத்துக்கு அடைத்துக்கிடந்த மரக்கட்டைக் குவியலை அப்புறப்படுத்தினார்கள். அடைப்பு போனதும் அந்தச் சின்ன ஆறு அகலமாகி ஆழமாகி மிசிசிப்பியை இழுக்க ஆரம்பித்தது. ஆறு அட்சாஃபலாயாவுக்குப் போக ‘ஆசைப்படுகிறது’ என்கிறோமே, அந்த ஆசைக்குள் ஷ்ரீவ் வெட்டிய வெட்டும் இருக்கிறது. படகுக் கம்பெனிகளின் லாபமும் இருக்கிறது. ‘மனிதனும் இயற்கையும்’ என்று இரண்டாகப் பிரித்த மேடையில் இதை எந்தப் பக்கம் நிறுத்துவது?

3

மெக்ஃபீயின் மதகு இருக்கும் இடத்திலிருந்து ஆற்றோடு கீழே வந்து, நியூ ஆர்லியன்ஸையும் தாண்டினால் கர்னார்வன் என்று ஒரு இடம். மிகச் சின்ன ஊர். மிசிசிப்பி பற்றிய என் வாசிப்புக்கு அதுதான் மையம்.

1927இல் மிசிசிப்பியில் வந்த வெள்ளம் அமெரிக்க வரலாற்றின் பெரிய பேரழிவுகளில் ஒன்று. ஏறத்தாழ 70,000 சதுர கிலோமீட்டர் தண்ணீரில் கிடந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடிழந்தார்கள். அதுவரை பொறியாளர் படையின் கொள்கை ஒன்றுதான்: கரையை உயர்த்து, வேறெதுவும் வேண்டாம். வழிந்தோட இடம் விட வேண்டும் என்று சார்லஸ் எல்லெட் என்ற பொறியாளர் 1850களிலேயே எழுதியிருந்தார். யாரும் கேட்கவில்லை. வெள்ளம் நியூ ஆர்லியன்ஸை நெருங்கியபோது நகரத்தின் வங்கியாளர்களும் வணிகர்களும் சேர்ந்து ஆளுநரிடம் அனுமதி வாங்கிக் கர்னார்வனில் கரையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஏப்ரல் 29 அன்று வெடிக்கத் தொடங்கி, பல நாள் தொடர்ந்து வெடித்து வாயை அகலமாக்கினார்கள். செயின்ட் பெர்னார்ட், பிளாக்கமின்ஸ் வட்டாரங்களில் மீன்பிடித்தும் தோலுக்காக நீரெலி பிடித்தும் வாழ்ந்த ஏறக்குறைய 10,000 பேரின் ஊர்கள் மூழ்கின. இழப்பீடு தருகிறோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு எதுவும் வந்து சேரவில்லை. மேலே வேறு இடங்களில் கரை உடைந்ததால் நகரத்துக்கு ஆபத்து எப்படியும் குறைந்திருக்கும் என்பது சீக்கிரமே தெரிந்துபோனது.

ஜான் பாரியின் ‘ரைசிங் டைட்’ (1997) இதை விரிவாகச் சொல்கிறது. இலக்கிய நோக்கில் மெக்ஃபீ பெரிய கலைஞர், பாரி அவ்வளவு இல்லை. ஆனால் பாரியின் புத்தகத்தில் வெள்ளத்துக்கு ஆள் முகவரி இருக்கிறது. எந்த வங்கி, எந்தக் கிளப், எந்த அறையில் கூட்டம், யார் கையெழுத்து என்று இருக்கிறது. அங்கே ஆறு எதையும் ‘விரும்புவதில்லை’. ஒரு குழு விரும்புகிறது.

கதை அதோடு முடியவில்லை. 1991இல் அதே கர்னார்வனில் ஒரு மதகு திறக்கப்பட்டது. இந்த முறை நோக்கம் சதுப்பு நில மீட்பு. உள்ளே ஏறிவந்த உப்பைத் தள்ள, ஆற்றின் நன்னீரைச் சதுப்புக்குள் விட்டார்கள். கடலோரச் சூழலியலில் முன்னோடித் திட்டம். ஆனால் சிப்பி வளர்ப்புக்கு உப்பும் நன்னீரும் ஒரு கணக்கில் கலந்திருக்க வேண்டும். பல வருடங்களாக உப்பு ஏற ஏறச் சிப்பிப் படுகைகளும் உள்ளே நகர்ந்து வந்திருந்தன. நன்னீர் வந்ததும் அவை செத்தன. சிப்பிக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். கீழ்நீதிமன்றங்களில் நூறு கோடி டாலருக்கும் மேல் தீர்ப்பானது. 2004இல் லூயிசியானா உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

1927இல் நகரத்தைக் காப்பாற்ற, 1991இல் இயற்கையைக் காப்பாற்ற. காரணம் தலைகீழாக மாறியது. தண்ணீர் திறந்த இடம் மாறவில்லை, தண்ணீர் போய்ச் சேர்ந்த வட்டாரமும் மாறவில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. முன்னது நகர முதலாளிகளின் அராஜகம், பின்னது பல வருட ஆய்வுக்குப் பின் பொதுப் பணத்தில் செய்தது. ஆனாலும் பிளாக்கமின்ஸில் ஒரு வயதான சிப்பிக்காரர் இரண்டையும் சேர்த்துத்தானே நினைத்துப் பார்ப்பார்? தண்ணீருக்கு நினைவு இருக்கிறதோ இல்லையோ, அந்த மனிதர்களுக்கு இருக்கிறது.

4

சரி, மீட்க வேண்டிய நிலைமை ஏன் வந்தது? 1932 முதல் 2016 வரை லூயிசியானா இழந்த கடலோர நிலம் ஏறத்தாழ 4,800 சதுர கிலோமீட்டர். ஒரு காரணம் கரைகள். வெள்ளத்தோடு வந்து பரவ வேண்டிய வண்டல் நேராக ஆழ்கடலுக்குப் போகிறது. ஆடியில் நுங்கும் நுரையுமாக வரும் புதுவெள்ளத்தின் கலங்கலைப் பார்த்து மகிழ்ந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இரண்டாவது, மேலே மிசௌரி ஆற்றில் கட்டிய அணைகள். பழைய வண்டலில் ஏறத்தாழ பாதிதான் இப்போது கீழே வருகிறது. மூன்றாவது, எண்ணெய் எரிவாயுக் கம்பெனிகள் சதுப்புக்குள் வெட்டிய கால்வாய்கள், மொத்தம் 16,000 கிலோமீட்டர் அளவுக்கு. அவற்றின் வழியாக உப்புநீர் உள்ளே ஏறியது. இவற்றோடு நிலம் தானாகவே அமிழ்கிறது. கடலும் உயர்கிறது.

இந்தக் காரணங்களில் எது பெரியது என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே சண்டை இருக்கிறது. லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் யூஜின் டர்னர் பல வருடங்களாகக் கால்வாய்களைத்தான் முதல் குற்றவாளி என்கிறார். ஆற்றுநீரில் வரும் உரச்சத்து சதுப்புப் புல்லின் வேரைப் பலவீனமாக்குகிறது, கத்ரீனா வந்தபோது கர்னார்வன் பகுதிச் சதுப்பு பிய்ந்துபோனதற்கு அதுவும் காரணம் என்பது அவர் தரப்பு. மற்றவர்கள் மறுக்கிறார்கள். யார் சரி என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. ஆனால் காரணத்தைச் சொல்லும் விதத்திலேயே பணம் யார் தர வேண்டும் என்பதும் இருக்கிறது. கரைதான் காரணம் என்றால் செலவு அரசுடையது. கால்வாய்தான் காரணம் என்றால் கம்பெனிகளுடையது. ‘ஆறு பட்டினி கிடக்கிறது’ என்ற அழகான உருவகம் வந்ததும் கால்வாய் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது.

ஆய்வு இலக்கியத்தை வாசித்தபோது இன்னொரு உருவகமும் எனக்கு உடைந்தது. ‘சதுப்பு நிலம் பஞ்சு மாதிரி, வெள்ளத்தை உறிஞ்சிக்கும்’ என்று எல்லாரும் எழுதுகிறோம். கடலோரச் சதுப்பு ஏற்கனவே நனைந்து ஊறிக் கிடப்பது. புயலலையை அது உறிஞ்சுவதில்லை. புல்லும் வேரும் உராய்ந்து வேகத்தைக் குறைக்கின்றன. 14.5 கிலோமீட்டர் சதுப்பு இருந்தால் அலை 1 மீட்டர் தணியும் என்று 1963இல் பொறியாளர் படை ஒரு தோராயக் கணக்குச் சொன்னது. பிறகு வந்த ஆய்வுகள் அது எல்லாப் புயலுக்கும் பொருந்தாது என்று காட்டின. புயல் எவ்வளவு நேரம் நிற்கிறது, எந்தத் திசையில் வருகிறது என்பதைப் பொறுத்துப் பயன் மாறும். பஞ்சு என்ற சொல் ஒரு உத்தரவாதம் தருகிறது. நிஜமான சதுப்பு அதைத் தருவதில்லை.

நல்ல செய்தியும் உண்டு. 1941இல் மார்கன் சிட்டி நகரத்தை வெள்ளத்திலிருந்து காக்க, அட்சாஃபலாயாவிலிருந்து வேக்ஸ் லேக் என்ற இடத்தின் வழியாக ஒரு வடிகால் வெட்டினார்கள். நிலம் உண்டாக்கும் நோக்கமே இல்லை. 1973 வெள்ளத்துக்குப் பிறகு அதன் வாயில் புது டெல்டா ஒன்று தண்ணீருக்கு மேலே தலைகாட்டியது. இன்றும் வளர்கிறது. நாசாவின் டெல்டா-எக்ஸ் திட்டம் 2021இல் வளரும் அட்சாஃபலாயாப் படுகையையும் பக்கத்திலேயே தேயும் டெரபோன் படுகையையும் விமானத்திலிருந்து அளந்தது. வண்டல் போனால் நிலம் வரும் என்பதற்குக் கண்முன் சாட்சி அது. ஆனால் எல்லாவற்றையும் மீட்க முடியாது. அதையும் ஆய்வுகள் மறைக்கவில்லை. இருக்கும் வண்டலை வைத்துக் கணக்கிட்டால் 2100க்குள் இன்னும் 10,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் மூழ்கும் என்று 2009இல் மைக்கேல் ப்ளமும் ஹாரி ராபர்ட்ஸும் எழுதினார்கள். கடல்மட்டம் ஆண்டுக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்தால் சில நூற்றாண்டுகளில் இந்தச் சதுப்புகள் மூழ்கும் என்று 2020இல் டார்பியோன் டோர்ன்க்விஸ்டின் குழு காட்டியது.

எலிசபெத் கோல்பர்ட் ‘அண்டர் எ ஒயிட் ஸ்கை’யில் (2021) இந்த இடத்துக்கு வருகிறார். பேட்டன் ரூஜில் இரண்டு கூடைப்பந்துத் திடல் அளவுக்கு டெல்டாவின் மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு மணி நேரம் ஓடினால் ஆற்றின் ஒரு வருடம். கோல்பர்ட் இதையெல்லாம் அவருக்கே உரிய வறண்ட நகைச்சுவையோடு எழுதுகிறார். மனிதர் செய்த தீர்வே அடுத்த பிரச்சினையாவது அவருடைய கரு. மெக்ஃபீயைவிட ஒரு படி முன்னால்தான் இருக்கிறார். ஆனால் அவரிடம் ‘மனிதர்’ என்பது ஒரே கூட்டம். வெடிவைத்தவரும் வெடியில் ஊரை இழந்தவரும் அந்தக் கூட்டத்துக்குள் சமமாகிவிடுகிறார்கள்.

5

சினிமாவில் இதற்கு மாற்று இருக்கிறதா? பென் ஸைட்லினின் ‘பீஸ்ட்ஸ் ஆஃப் தி சதர்ன் வைல்ட்’ (2012) பார்த்தவர்கள் பலர் இருப்பீர்கள். கரைக்கு வெளியே விடப்பட்ட ‘பாத்டப்’ என்ற கற்பனை ஊர். ஹஷ்பப்பி என்ற சிறுமி, குடிகார அப்பா விங்க். புயலில் உப்புநீர் ஊரில் தேங்கிவிடுகிறது. வடியவைக்க அவர்கள் மீனின் வயிற்றில் வெடியை வைத்துக் கரையைத் தகர்க்கிறார்கள். 1927ஐத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தக் காட்சி வேறு மாதிரி தெரியும். அன்றைக்கு நகரம் இவர்கள் பக்கத்துக் கரையை வெடித்தது. இங்கே இவர்கள் வெடிக்கிறார்கள்.

ஆனால் படம் அந்த வரலாற்றைக் கையில் எடுப்பதில்லை. புராணத்துக்குள் போய்விடுகிறது. காட்டெருமைகள் வருகின்றன, ஏழ்மை கொண்டாட்டமாகிறது. பெல் ஹுக்ஸ் இந்தப் படத்தைக் கடுமையாக விமர்சித்தார். கறுப்பினக் குழந்தைமேல் நடக்கும் வன்முறையைக் கவித்துவமாக்குகிறது என்பது அவர் குற்றச்சாட்டு. எனக்கு அதோடு இன்னொன்றும் உறுத்துகிறது. ஊர் மக்கள் எங்கேயும் போக மாட்டோம் என்று நிற்பதைப் படம் காட்டு விலங்கின் பிடிவாதம்போலக் காட்டுகிறது.

படத்துக்குத் தூண்டுதலாக இருந்த ஐல் டி ஜீன் சார்ல்ஸ் தீவின் கதை அப்படியில்லை. சோக்டா பழங்குடியினர் வாழ்ந்த அந்தத் தீவு 1955க்குப் பிறகு 98 சதவீத நிலத்தை இழந்தது. பக்கத்து ஊர்களைக் காக்கும் பெரிய கரைத் திட்டத்தில் செலவு அதிகம் என்று தீவை வெளியே விட்டுக் கோடு போட்டார்கள். தாங்களே சேர்ந்து இடம் பெயரலாம் என்று பழங்குடித் தலைமை பல வருடம் திட்டம் போட்டது. 2016இல் மத்திய அரசு 4.8 கோடி டாலர் ஒதுக்கியது. பத்திரிகைகள் ‘முதல் காலநிலை அகதிகள்’ என்று எழுதின. பிறகு திட்டம் மாநில அரசின் கைக்குப் போனது, எங்கள் திட்டம் எங்களிடம் இல்லை என்று பழங்குடித் தலைமை விலகிக்கொண்டது. 2022இல் முதல் குடும்பங்கள் 60 கிலோமீட்டர் வடக்கே புது வீடுகளுக்குப் போனார்கள். இவர்கள் பிடிவாதக்காரர்கள் இல்லை. திட்டம் போடத் தெரிந்தவர்கள். அவர்கள் கேட்டது முடிவெடுக்கும் உரிமை. அதைப் படமாக எடுப்பது கஷ்டம்தான், கூட்டங்களும் விண்ணப்பங்களும்தானே அதில் இருக்கும். ஆனால் விஷயம் அங்கேதான் இருக்கிறது.

6

இந்த வாசிப்பில் எனக்குக் கிடைத்த நேர்மையான நூல் ஒரு அரசாங்க அறிக்கை. சொல்லச் சிரிப்பு வரலாம்.

கத்ரீனாவுக்குப் பிறகு லூயிசியானா கடலோரத்துக்கு 50 ஆண்டு, 50 பில்லியன் டாலர் அளவில் பெருந்திட்டங்கள் போட்டது. அதன் தலைப்பிள்ளை மிட்-பராட்டாரியா திட்டம். மிசிசிப்பியின் கரையைத் திறந்து, வினாடிக்கு 75,000 கன அடி வரை வண்டல் கலந்த நீரைப் பராட்டாரியாப் படுகைக்குள் விடுவது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து அதிகபட்சமாகத் திறந்தது 29,000 கன அடி. அதைப்போல இரண்டரை மடங்கு. செலவு ஏறத்தாழ 300 கோடி டாலர், பெரும்பகுதி 2010 எண்ணெய்க் கசிவுக்கான இழப்பீட்டுப் பணம்.

2022இல் பொறியாளர் படை இதற்கான சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையை வெளியிட்டது. ஆயிரக்கணக்கான பக்கம், நடை என்று ஒன்றும் கிடையாது. ஆனால் ஒன்றையும் மறைக்காமல் அடுக்குகிறது. ஐம்பது வருடம் கழித்துச் சுமார் 13,400 ஏக்கர் நிலம் கூடுதலாக இருக்கும். சிப்பிக்கும் பழுப்பு இறாலுக்கும் பெரிய பாதிப்பு வரும். படுகையின் டால்பின்கள் ஏறக்குறைய அழிந்துபோகும். கரைக்கு வெளியே இருக்கும் சில ஊர்களில் வெள்ளம் கூடும். டால்பின்களைக் காக்கும் சட்டத்திலிருந்து இந்தத் திட்டத்துக்கு 2018இலேயே நாடாளுமன்றம் விலக்குக் கொடுத்திருந்தது. ‘இயற்கையை மீட்கிறோம்’ என்ற சொல்லுக்குள் இத்தனை சாவும் இருக்கிறது என்று அந்த அறிக்கை ஒப்புக்கொள்கிறது. மெக்ஃபீயும் கோல்பர்ட்டும் எழுதிய எந்தப் பத்தியும் எனக்கு இந்தப் பட்டியல் தந்த அதிர்ச்சியைத் தரவில்லை.

2023 ஆகஸ்டில் பணி தொடங்கியது. மீனவர்கள் எதிர்த்தார்கள், உள்ளூர் நிர்வாகம் எதிர்த்தது, வழக்குகள் வந்தன. 2025 ஜூலையில் மாநில அரசு திட்டத்தைக் கைவிட்டது. அதற்குள் 50 கோடி டாலருக்கு மேல் செலவாகியிருந்தது. மீனவர் பண்பாட்டைக் காப்பாற்றினோம் என்றது ஆளும் தரப்பு. அறிவியலைக் கொன்றுவிட்டார்கள் என்றார்கள் சூழலியலாளர்கள்.

எனக்கு இரண்டு தரப்பு வாதத்திலும் மனம் ஒட்டவில்லை. சிப்பிக்காரர்களின் பயம் நியாயமானது, கர்னார்வனில் அவர்கள் பட்டது நிஜம். அதே சமயம் திட்டம் நின்றதால் சிப்பியும் தப்பிவிடாது. சதுப்பு போனால் இறாலுக்குக் குஞ்சு வளர இடமில்லை. கடல் ஊருக்குள் வரும். மீனவர் பெயரைச் சொல்லித் திட்டத்தை நிறுத்தியவர்கள், அந்த மீனவரின் பேரப்பிள்ளைக்கு எங்கே வீடு என்பதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்? ஒரு தலைமுறையின் இழப்பை இழப்பீடாகக் கொடுத்து, பேச்சில் உட்காரவைத்து, அடுத்த தலைமுறைக்கு நிலம் உண்டாக்குவது என்ற கடினமான நடுவழி ஒன்று இருந்தது. 1927இன் இழப்பீட்டு வாக்குறுதியை மறக்காதவர்களிடம் அந்த வழியைச் சொல்லி நம்பவைப்பது எளிதில்லை. நூறு வருடக் கடன் அது.

7

‘இதெல்லாம் எங்கேயோ அமெரிக்காவுல நடக்குற கதைதானே’ என்று தோன்றலாம். எழுதுகிறவர்களாக நமக்கும் இதில் வேலை இருக்கிறது.

2015இல் சென்னை மூழ்கியபோது நாம் இரண்டு வகை வாக்கியங்களைக் கேட்டோம். ஒன்று செய்தி வாக்கியம்: ‘செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டது.’ செயப்பாட்டுவினை. திறந்தது யார், எப்போது முடிவெடுத்தார், கீழே இருந்தவர்களுக்கு யார் சொன்னார் என்பதெல்லாம் வாக்கியத்துக்கு வெளியே. இன்னொன்று நம்முடையது, கவிதையிலும் முகநூலிலும் நாம் எழுதியது: ‘ஆறு தன் இடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது.’ இதில் எழுவாய் இருக்கிறது, ஆறு. முதல் வாக்கியத்தில் ஆளே இல்லை. இரண்டாவதில் ஆளின் இடத்தில் ஆறு உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மதகின் சாவி காணாமல் போனது.

நம் வாக்கியத்துக்கு ஒரு விளைவும் உண்டு. ஆற்றுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று முடிவானதும் முதலில் அப்புறப்படுத்தப்பட்டவர்கள் அடையாற்றுக் கரையின் குடிசைக்காரர்கள். பல குடும்பங்கள் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன. பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்தில். ஆற்றின் வழியை மறித்தார்கள் என்று கரையிலிருந்து எடுத்தவர்களைக் கழுவெளியின் வழியில் கொண்டுபோய் வைத்தார்கள். அதே வெள்ளச் சமவெளிகளில் நிற்கும் பெரிய கட்டடங்களை யாரும் ‘ஆறு கேட்கிறது’ என்று சொல்லி நகர்த்தவில்லை. ஆறு எல்லாரிடமும் ஒரே மாதிரி கேட்பதில்லை போலிருக்கிறது.

மெக்ஃபீயை வாசிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வாசியுங்கள், அந்த அளவுக்குப் பொறுமையாகத் தகவல் சேர்த்து எழுத நமக்கு இன்னும் பழக வேண்டும். மாரிசனையும் வாசியுங்கள், உவமேயத்தோடு சேர்த்து. ஆனால் வெள்ளத்தைப் பற்றி நாம் எழுத உட்காரும்போது, வாக்கியம் முடிந்ததும் வினைச்சொல்லைப் பிடித்து யார் என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். யார் வெட்டினார், யார் திறந்தார், யார் கோடு போட்டார், கோட்டுக்கு வெளியே நின்றது யார். மீட்பு என்று எழுதினால் எந்த வருடத்துக்கு மீட்பது, யாருக்காக, யார் செலவில் என்று கேட்கலாம். வேக்ஸ் லேக்கில் மண் சேர்கிறது. அதற்கு ஆசையும் இல்லை, நினைவும் இல்லை. கால்வாய் வெட்டினார்கள், வண்டல் வந்தது, நிலம் ஆனது. அடுத்த கால்வாய் எங்கே வெட்டப்படும் என்று பேசும் கூட்டத்தில் யார் யாருக்கு நாற்காலி இருக்கிறது என்பதை யாராவது எழுத வேண்டும்.